கைகாட்டி இறக்கிய கடைசி விமானம்

போன வாரக் கடைசியில் பெட்டியும் கையுமாக வாசலில் வந்து நின்றானே அண்ணன், அவன் இன்னும் பெட்டியைத் திறக்கவில்லை. அது கூடத்தின் நடுவில் நின்றுகொண்டிருக்கிறது. அவன் கொண்டுவந்த சேதி மட்டும் வீடு முழுக்க நடமாடிக்கொண்டிருக்கிறது.

ஊருக்கு வெளியே ஒரு காப்பகம். நல்ல காப்பகம்தான், தோட்டம் உண்டு, டாக்டர் உண்டு. அங்கே அப்பாவுக்கு ஓர் இடம் காலியாகியிருக்கிறது. சனிக்கிழமை மாலைக்குள் வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ சொல்லிவிட வேண்டும்.

இன்று சனிக்கிழமை.

புதிதாக வந்து உட்காருகிறவர்களுக்கு நாலு வார்த்தை. அப்பா விமான நிலையத்தில் வேலை பார்த்தவர். விமானம் ஓட்டியவர் இல்லை, ஓட்டி வந்தவருக்கு வழி காட்டியவர். இரண்டு கையிலும் ஆரஞ்சு மட்டைகளைப் பிடித்துக்கொண்டு விமானத்துக்கு எதிரே நின்று, இப்படித் திரும்பு, இங்கே நில் என்று காட்டுவார்களே, அந்த வேலை. கூட இருந்தவர்கள் அவருக்கு வைத்த பெயர் கைகாட்டி. வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். மனைவியைப் பறிகொடுத்தார். பிறகு ஞாபகமும் கொஞ்சம் கொஞ்சமாகப் போனது. கைகள் மட்டும் எதையும் மறக்கவில்லை.

மகளுக்குக் கடை கடையாகப் போய்த் தராசுகளைச் சோதித்து முத்திரை குத்தும் வேலை. அதனால் அண்ணன் அவளுக்கு வைத்த பெயர் தராசு. ஒரு கிராம் கூடினாலும் குறைந்தாலும் அவளுக்குத் தூக்கம் வராது. அப்பாவுக்கு மறதி தொடங்கியபோது அவரையும் அவள் தராசு மாதிரிதான் சோதித்தாள். "இல்லப்பா, அம்மா இப்ப இல்ல." "இல்லப்பா, நீங்க ரிட்டயர் ஆயிட்டீங்க." ஒவ்வொரு தடவையும் அவள் சொன்னது உண்மை. ஒவ்வொரு தடவையும் அவர் புதிதாக அழுதார்.

நூலக மாடியில் மறதிக்காரர்களுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் நடக்கும் நாடக வகுப்பு ஒன்றுக்குப் போன பிறகுதான் அந்த அழுகை நின்றது. அதனால்தான் அவள் அண்ணனிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"ஹோமுக்கு பதில் சொல்றதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை எங்க கிளாஸுக்கு வா."

"வரேன், ஆனா முடிவுல மாத்தம் இருக்கும்னு நினைக்காதே."

அண்ணன் பாலங்களுக்குக் கணக்குப் போடும் என்ஜினீயர். எதைச் சொன்னாலும் முதலில் சரி என்பான், அடுத்த மூச்சில் ஆனா என்பான். அம்மா உயிரோடிருந்தபோது அவனுக்குச் சூட்டிய பட்டம் ஆனா மன்னன்.

"நான் அப்பாவுக்காக மட்டும் சொல்லல. உன் மூஞ்சியைக் கண்ணாடில பார்த்தியா? நீ ஒழுங்கா தூங்கி எவ்வளவு நாளாச்சு?"

களைப்பு உண்மைதான். ஆனால் காலையில் அப்பா எழுந்து வந்து, "இந்த ஹோட்டல்ல டீ நல்லா இருக்கு" என்று அவளையே பாராட்டுவாரே, அது இல்லாத வீட்டை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

நூலகத்து மாடியில் நீளமான அறை. நாற்காலிகள் வட்டமாகப் போட்டிருந்தன. மறதி வந்தவர்களும் அவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்களும் கலந்து உட்கார்ந்திருந்தார்கள். யார் எவர் என்று சட்டென்று தெரியாது. களைத்துப்போய் இருப்பவர்கள் பார்த்துக்கொள்கிறவர்கள் என்று வைத்துக்கொண்டால் தப்பாது.

நடத்துகிறவர் ஒரு நாடகக்கார அம்மாள். வசனம் எழுதி மனப்பாடம் பண்ணுகிற நாடகம் இல்லை. அந்தந்த நிமிடத்தில் தோன்றியதைப் பேசி நடிக்கிற நாடகம். மைக்குக்கு வேலை வைக்காத குரல் அவருக்கு.

"புதுசா ஒருத்தர் வந்திருக்காரு, அதனால மறுபடியும் சொல்றேன். இங்க ஒரே ஒரு விதிதான். எதிர்ல இருக்கறவங்க என்ன சொன்னாலும், 'சரி, அப்புறம்?' மறுக்கக் கூடாது, திருத்தக் கூடாது. ஏத்துக்கணும். ஏத்துக்கிட்டு நாமளும் ஒண்ணு சேத்துக் குடுக்கணும்."

அண்ணன் கையை உயர்த்தினான். தராசு தரையைப் பார்த்தாள்.

"சரிங்க, ஆனா இது பொய் சொல்றது இல்லையா?"

"ஒரு குழந்தை காலி டம்ளரை நீட்டி 'டீ குடி'ன்னா என்ன பண்ணுவீங்க?"

"குடிப்பேன்."

"அப்ப நீங்க பொய்யரா?"

வட்டம் முழுக்கச் சிரித்தது. யார் சிரிக்கிறார்கள், எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியாமலேயே அப்பாவும் சேர்ந்து சிரித்தார்.

நீலத் துண்டு ஒன்று கைமாறத் தொடங்கியது. வாங்குகிறவர் அது என்னவென்று சொல்ல வேண்டும். ஒருவர் அதைச் சுருட்டி ஸ்டியரிங் ஆக்கி வண்டி ஓட்டினார். ஒருவர் விரித்துப் பிடித்து அதில் செய்தி படித்தார். வட்டத்தில் ஒரு முடிதிருத்துகிறவரும் அவர் மனைவியும் இருந்தார்கள்; துண்டு அந்த மனைவியிடம் வந்தது. வாரக்கணக்கில் வாயே திறக்காத பெண்மணி அவர். துண்டை மடித்தார், மார்போடு அணைத்துக்கொண்டார்.

"சத்தம் போடாதீங்க, இப்பதான் தூங்கினா" என்றார்.

அவருடைய கணவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். அந்த அம்மாள் எழுந்து, பக்கத்து நாற்காலியில் இருந்த அண்ணனிடம் அதை நீட்டினார். "கழுத்தைத் தாங்கிப் பிடிச்சுக்கோங்க."

அண்ணன் ஒரு முனையைப் பிடித்து வாங்கினான். மீதி தரைவரை தொங்கியது.

"இது துண்டுங்க" என்றான்.

அந்த அம்மாளின் கைகள் அப்படியே அந்தரத்தில் நின்றன. முகம் சுருங்கி, உதடு நடுங்க ஆரம்பித்தது. தராசுக்கு அண்ணனை அந்த நாற்காலியோடு சேர்த்து ஜன்னல் வழியாக வெளியே தள்ளிவிடலாமா என்று இருந்தது.

அப்போது அப்பா எழுந்து வந்தார். மகன் கையிலிருந்த துண்டை இரண்டு கையாலும் பதமாக வாங்கினார். கழுத்துப் பக்கத்தைத் தாங்கிக்கொண்டார்.

"ஒண்ணும் ஆகலம்மா, முழிச்சுக்கல. காதை மட்டும் பொத்திக்கணும். பெரிய ப்ளேன் ஒண்ணு வருது" என்றார். துண்டின் காதுகள் எங்கே இருக்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ஒன்றை மார்போடு சாய்த்து, மற்றதை உள்ளங்கையால் மூடினார்.

அந்த அம்மாள் சிரித்தார். முடிதிருத்துகிறவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நாடகக்கார அம்மாள் அண்ணனை ஒருதரம் பார்த்தார்.

ஆனா மன்னன் ஆனா சொல்லாமல் வீடுவரை வந்தது இதுவே முதல் தடவை. செருப்பைக் கழற்றும்போதுதான் வாயைத் திறந்தான்.

"நீ போய் நிதானமா குளி. நான் அப்பாவைப் பார்த்துக்கறேன். எனக்குப் புரிஞ்சிடுச்சு, மறுக்கக் கூடாது, திருத்தக் கூடாது. அவ்வளவுதானே?"

குளியலறைக் கதவை ஒருக்களித்து வைத்து, காதை வெளியே விட்டுவிட்டுக் குளித்தே பழகியவள் அவள். இன்று தாழ்ப்பாள் போட்டாள். தலைக்கு ஷாம்பு தேய்த்துக்கொண்டு, சின்ன வயதில் பாடிய ஏதோ ஒன்றை முணுமுணுத்துக்கொண்டு, சொர்க்கத்தில் பாதி தூரம் போயிருப்பாள்.

கதவு தட்டப்பட்டது.

"தராசு! ஒரு சண்டை இல்ல, சத்தம் இல்ல, சூப்பரா முடிச்சுட்டேன்!"

"எதை?"

"அப்பா ஷிஃப்டுக்கு நேரமாச்சுன்னாரு. நான் மறுக்கல, திருத்தல. சரி, போயிட்டு வாங்கன்னேன். அந்த மஞ்சள் டூட்டி சட்டையை மாட்டிவிட்டு, மட்டையையும் நானே எடுத்துக் குடுத்தேன். அவருக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா!"

அவள் தண்ணீரை நிறுத்தினாள்.

"இப்ப எங்க இருக்காரு?"

"ஷிஃப்டுக்குப் போயிருக்காரு."

"ஷிஃப்டு எங்கண்ணா?"

பாலத்துக்கெல்லாம் கணக்குப் போடுகிறவனுக்கு இந்தக் கணக்கு இப்போதுதான் உதைத்தது.

"வீட்டைச் சுத்திப் பின்பக்கம் போயிட்டு வந்துடுவாருன்னு நெனச்சேன்..."

"வாசக்கதவு பூட்டியிருந்துச்சே?"

"நாந்தான் தொறந்துவிட்டேன்."

கிடைத்த உடுப்பை மாட்டிக்கொண்டு, தலையில் நுரையோடு அவள் வெளியே ஓடி வந்தாள். "வெறும் சரி சொன்னா அது பர்மிஷன்! அப்புறம்னு சொல்லி நீயும் கூடப் போகணும்! நான் தினமும் அவரோட ஷிஃப்டுக்குப் போறேன், தெரியுமா? பின்பக்கம் நின்னு ரெண்டு ப்ளேன் எறக்கிட்டு, டீ குடிச்சிட்டு உள்ள வருவோம்!"

அண்ணனுக்கு முகம் வெளுத்துவிட்டது. கார் சாவியை எடுக்க ஓடினான். திட்ட வேண்டியது இன்னும் நிறைய இருந்தது. அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அவள் ஒத்திவைத்தாள்.

அண்ணன் வாடகைக்கு எடுத்து வந்திருந்த காரில் ஏறினார்கள். தெரு இரண்டு பக்கமும் வெறிச்சென்று கிடந்தது.

"போலீஸ்ல சொல்லிடலாமா?"

"இரு, யோசிக்க விடு." அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அப்பா தொலைந்துபோகக் கிளம்பவில்லை, வேலைக்குக் கிளம்பியிருக்கிறார். வேலை நடக்கிற இடம் எப்படி இருக்கும்? தட்டையாக இருக்கும், பெரிதாக இருக்கும், தரையில் வெள்ளைக்கோடு போட்டிருக்கும்.

"பெரிய கடைக்கு விடு. தெருக்கோடில கார் நிறுத்தற எடம் இருக்கு."

அங்கேதான் இருந்தார். சனிக்கிழமைக் கூட்டம். கார்கள் வருவதும் போவதுமாக இருந்த அந்த வெளியின் நட்ட நடுவில், மஞ்சள் சட்டையும் ஆரஞ்சு மட்டைகளுமாக, முதுகு நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தார் கைகாட்டி. பிங்பாங் மட்டையில் அவள் துணி சுற்றித் தைத்துக் கொடுத்த மட்டைகள் அவை. அவர் வா என்றால் கார் வந்தது, நில் என்றால் நின்றது. கடைக் காவலாளி ஓரமாக ஒதுங்கி நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்க ஆளா?" என்றார் காவலாளி, கார் ஜன்னலில் குனிந்து. "தள்ளி நில்லுங்க பெரியவரேன்னு சொன்னேன். என்னையத் தள்ளி நிக்க வெச்சுட்டாரு. வண்டிங்க இவ்வளவு ஒழுங்கா நின்னு நான் பார்த்ததே இல்ல. ஆனா சரக்கு லாரி வர நேரம் ஆச்சு. அந்த டிரைவருங்க யாரையும் பார்க்க மாட்டாங்க."

லாரி வரும் வழி அப்பாவின் முதுகுக்குப் பின்னால் இருந்தது. அண்ணன் கதவைத் திறக்கப் போனான். அவள் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"போய்க் கையைப் புடிச்சே, அவ்வளவுதான்!"

அப்பாவின் புருவத்தில் இருக்கும் தையல் தழும்பு எப்படி வந்ததென்று தொடர்ந்து படிக்கிறவர்களுக்குத் தெரியும். முன்பு ஒருநாள் இதே மாதிரி தெருவில் நின்றவரை அவள்தான் கையைப் பிடித்து இழுத்தாள். வேலை நேரத்தில் யாரோ தாக்க வருகிறார்கள் என்று நினைத்து அவர் திமிறினார், விழுந்தார், கல்லில் அடிபட்டது.

"பின்ன என்னதான் பண்றது?"

"நாம ஒரு ப்ளேன். கடைசி ப்ளேன். நாம எறங்கினாதான் அவருக்கு ஷிஃப்டு முடியும். அவர் கையை மட்டும் பாரு. காட்டற பக்கம் போ."

"சரி, ஆன..." என்று ஆரம்பித்தவன், மீதியை விழுங்கிவிட்டு வண்டியை எடுத்தான்.

அப்பா அவர்களைப் பார்த்தார். முகத்தில் மகனும் இல்லை, மகளும் இல்லை. வரவேண்டிய விமானம் வந்துவிட்டது என்ற நிம்மதி மட்டும்தான் இருந்தது. இரண்டு மட்டைகளையும் உயர்த்தி, வா, வா என்றார். நடந்துகொண்டே, லாரி வழியை விட்டு விலகி, ஓரத்து வரிசைக்குப் போனார். வண்டி பின்னாலேயே போனது. இடது கை அசைந்தது, அண்ணன் திருப்பினான். ஒரு தூணுக்கும் கோணலாக நின்ற வேனுக்கும் நடுவே இருந்த இடத்துக்கு எதிரே போய் நின்றுகொண்டார்.

"இதுல போகாது," என்றான் அண்ணன். "அளவு தெரிஞ்சுதான் சொல்றேன், வண்டி இடிக்கும்."

அவளும் கண்ணால் அளந்தாள். அளப்பதுதானே அவள் பிழைப்பு.

"எனக்கும் போகாதுன்னுதான் தோணுது," என்றாள். "நீ போ."

அண்ணனுக்கு நெற்றியில் வியர்த்தது. தூணைப் பார்க்கவில்லை, வேனைப் பார்க்கவில்லை, அந்தக் கைகளை மட்டும் பார்த்தான். சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தபோது முன்னால் பின்பக்கமாக நடந்தபடி வா, வா என்று கூப்பிட்ட அதே கைகள். வலது கை பொறு என்றது. இடது கை கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்றது. பின்னால் லாரி ஒன்று தடதடவென்று கடந்து போனது. அப்பா அந்தப் பக்கம் பார்க்கக்கூட இல்லை. கைகள் இரண்டும் தலைக்கு மேலே குறுக்காகச் சேர்ந்தன.

வண்டி நின்றது. எந்தப் பக்கமும் உரசவில்லை.

அப்பா ஒருக்களித்து நடந்து ஜன்னலுக்கு வந்தார். "வாங்க கேப்டன். பயணம் எப்படி?"

தராசு அண்ணனைப் பார்த்தாள். இது அவன் முறை.

"நல்லா... நல்லா இருந்துச்சு சார். எறங்கறப்போதான் கொஞ்சம் பயந்துட்டேன்."

"எல்லாரும் பயப்படுவாங்க. உள்ள உக்காந்து பார்த்தா எடம் சின்னதாத்தான் தெரியும். ரொம்ப தூரமா?"

"ரொம்ப தூரம் சார்."

"என் பையனும் தூரத்துலதான் இருக்கான். பாலம் கட்டறான். பெரிய வேலை, வர முடியறதில்ல." அப்பா குரலைத் தணித்தார். "வழியில பார்த்தா சொல்லுங்க. இங்க எடம் வெச்சிருக்கேன். எப்ப வந்தாலும் நான் எறக்கிடுவேன்னு சொல்லுங்க."

அண்ணன் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டான்.

"சொல்றேன் சார். அவன் கிளம்பிட்டான்னு கேள்விப்பட்டேன்."

அப்பா சட்டென்று நிமிர்ந்தார். "கிளம்பிட்டானா? அப்ப நான் போக முடியாதே! அவனை நாந்தான் எறக்கணும்!" மட்டைகளை எடுத்துக்கொண்டு நடுவெளிக்குத் திரும்பினார்.

தராசு தலையில் அடித்துக்கொண்டாள், கை நிறைய நுரை வந்தது. ஒரேயடியாகச் சேர்த்துக் கொடுத்துவிட்டானே பாவி. இதற்கு என்ன சொல்லி மீட்பது என்று அவளுக்கே புரியவில்லை.

"எறங்கிட்டான் சார்!" அண்ணன் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிக் கத்தினான். "உங்க பையன் எறங்கிட்டான்! இப்பதான், நீங்கதான் எறக்கினீங்க. பாருங்க, இந்தப் பக்கமும் படல, அந்தப் பக்கமும் படல!"

அப்பா நின்றார், திரும்பி வந்தார். தூணுக்கும் காருக்கும் நடுவே முழங்கையை வைத்து அளந்தார். அந்தப் பக்கம் சுற்றிப் போய் வேனுக்கும் காருக்கும் நடுவே அளந்தார்.

"நல்லாத்தான் எறக்கியிருக்கேன்," என்றார். "சரி, அப்புறம்?"

அண்ணனுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. "அப்புறம், இதுதான் கடைசி ப்ளேன் சார். ஷிஃப்டு முடிஞ்சுது. எங்க வண்டிலயே வீட்டுக்குப் போகலாம்."

பின் இருக்கையில் ஏறி, மட்டைகளை மடியில் வைத்துக்கொண்டார் அப்பா. காவலாளி சல்யூட் அடித்தார். தெருமுனை திரும்பும்போது பின்னாலிருந்து ஒரு கை நீண்டு அண்ணனின் பிடரியைத் தடவியது.

"முடி எவ்வளவு வளர்ந்திருக்கு பாரு. வெட்டிக்கோடா."

அண்ணன் வண்டியை ஓரமாக நிறுத்தினான். கேப்டனை யாரும் டா போட்டுப் பேச மாட்டார்கள். அவன் திரும்பிப் பார்ப்பதற்குள் அப்பா ஜன்னல் பக்கம் பார்வையைத் திருப்பி, போகிற வண்டிகளை எண்ண ஆரம்பித்துவிட்டார். அவன் அப்படியே உட்கார்ந்து அழுதான். அவளும் அவசரப்படுத்தவில்லை.

வீட்டுக்குள் கால் வைத்ததும் அவன் போன் அடித்தது. காப்பகம்.

கூடத்து நடுவில், திறக்காத பெட்டிக்குப் பக்கத்தில் நின்று எடுத்தான். "ஆமாங்க, நாந்தான் பேசறேன்."

தராசுக்குத் தலையில் நுரை காய்ந்து இழுத்தது. துவட்டக் கையை உயர்த்தியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"சரி," என்றான் அண்ணன். "சரிங்க... சரி."

அவன் தோட்டமும் டாக்டரும் சொல்லிச் சொல்லிப் பேசிய நேற்றைய பேச்செல்லாம் நினைவுக்கு வந்தது. அவன் சொன்னதில் தப்பும் இல்லை. இன்றைக்கு லாரி ஒரு நிமிடம் முன்னால் வந்திருந்தால்?

"சரிங்க," என்றான் மறுபடியும். கொஞ்சம் நிறுத்தினான். "ஆனா..."

பிறந்ததிலிருந்து கேட்டுக் கேட்டுச் சலித்துப்போன அந்த ஒரு வார்த்தைக்கு, அவள் இன்று அண்ணனைக் கட்டிக்கொள்ளத் தயாராக இருந்தாள்.

அவன் பால்கனிக்குப் போய்க் கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டான். இனிமேல் பேச்சு கேட்காது. வாய் அசைவது தெரிந்தது. கை அசைவது தெரிந்தது. என்ன சொல்கிறான் என்று தெரியாமல் அவள் நகத்தைக் கடித்தாள்.

அப்பா சோபாவிலிருந்து எழுந்து அவள் பக்கத்தில் வந்து நின்றார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், காதில் போனோடு நின்றவனை உற்றுப் பார்த்தார். அண்ணனின் உள்ளங்கை ஒருதரம் உயர்ந்து, விரிந்து, அசையாமல் நின்றது.

"நிறுத்தச் சொல்றான்" என்றார் கைகாட்டி.

"என்னப்பா?"

"கையைப் பாரு. எவ்வளவு சுத்தமா காட்டறான்!" அவர் முகமெல்லாம் பூரிப்பு. "ப்ளேன் இன்னைக்குக் கிளம்பாதும்மா. நீ போய்த் தலையை அலசு."